பீர்க்கங்காய் நார்

சமையலறைக் குப்பையைக் குறைக்கலாமென்று, பிளாஸ்டிக் நாருக்குப் பதிலாக வாங்கிய பீர்க்கங்காய் நாரை நனைத்தேன். வைக்கோல் போன்ற அந்த வாடையில் கறம்பக்குடி வீட்டுக் கொல்லை நினைவுக்கு வந்தது.

சாம்பலும் புளியும் பட்டு அம்மாவின் விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்த ஒரு மாதம், வாத்தியாரான அப்பாதான் இதே நாரால் பாத்திரம் தேய்த்தார்.

பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு அப்பாலிருந்து சிரித்தார். "என்ன வாத்தியாரே, நீங்களா வெளக்குறீங்க?"

"நானுந்தானே சாப்புட்டேன்," என்றார் அப்பா, தலை நிமிராமல்.

"உள்ள வாங்க, மானம் போகுது," என்று அம்மா அழுதாள். அவர் எழவே இல்லை.

நாரும் கையுமாக நின்ற எனக்கு இடுப்பு வலித்தது. அலுவலகத்திலிருந்து வந்து இன்னும் உட்காரவில்லை. தொட்டி நிறையப் பாத்திரம். கூடத்தில் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடங்களில் முதன்முறையாக அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன்.

"ஏங்க, கொஞ்சம் இங்கிட்டு வாங்க."