உக்கிய சுவரில் ஒரு வயர்

வீட்டின் வெளிச்சுவரை மூடும் புது சைடிங் அடிப்பதற்கு முன் பழைய பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உக்கியிருந்தால் வெட்டி எறிய வேண்டும். இது விதி. புலம்பெயர்ந்து வந்து வாங்கிய எங்கள் ஸ்காபரோ வீட்டை விற்றவர் உக்கிய மரத்தின் மேலேயே வெள்ளை வைனில் தகட்டை அடித்து மூடிவிட்டு, கைகுலுக்கிப் போனார்.

2009 மே மாதக் கடைசியில் சமையலறைச் சுவர் வெளிப்பக்கமாக வயிறு தள்ளியது. ஊரில் சண்டை முடிந்ததாக அறிவித்துச் சில நாட்கள்தான். வன்னிக்குள் இருந்த என் தங்கை உயிரோடு வெளியே வந்தாளா என்று தெரியவில்லை. வவுனியாவில் ஒரு பாதிரியாரை முகாம்களில் தேடச் சொல்லியிருந்தோம். அதன்பிறகு நாங்கள் எடுத்தால் அவருக்கு லைன் கிடைக்கவேயில்லை. அவரிடம் இருந்தது எங்கள் வீட்டு நம்பர் மட்டும்.

திருத்த வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு வரிசை சைடிங்கைக் கழற்றி ஸ்க்ரூட்ரைவரால் குத்தினார். பிடிவரை இறங்கியது.

"அண்ணை, உது சுவரில்லை. தேத்தண்ணியில தோய்ச்ச பாண்."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"அதை மேல்மாடியிட்டைத்தான் கேக்கவேணும். இண்டைக்கே முட்டுக் குடுப்பம். ஆனா ரெலிபோன் வயர் இந்தப் பலகையிலதான் அடிச்சுக் கிடக்கு."

கதவடியில் நின்ற மனைவி சொன்னாள்: "வயரை அறுக்கிறதெண்டா வீடு விழட்டும்."

விதிப்படி, அதைத் தொலைபேசிக் கம்பனியின் ஆள்தான் தொடவேண்டும். கேட்டேன். இரண்டு கிழமையாகுமாம். என் வாழ்க்கையில் விண்ணப்பம் எழுதாமல் நான் செய்த ஒரே காரியம் அதன்பிறகு நடந்தது. திருத்த வந்தவர் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க, நோயாளியின் சேலைன் குழாயைப் போல வயரை இரு கைகளிலும் ஏந்தி நின்றேன். ஒவ்வொரு ஆணிக்கும் உள்ளே மனைவி ரிசீவரைத் தூக்கி லைன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டு, "சத்தம் இருக்கு!" என்று கத்திவிட்டு உடனே வைப்பாள். அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்துவிட்டால்?

ஒருமுறை அவள் கத்தவில்லை. நான் உள்ளே பார்த்துக் கூவினேன்.

"என்னப்பா, இருக்கோ?"

"இருக்கு, இருக்கு. பால் பொங்கிட்டுது."

"அக்கா, எங்களைச் சாக்காட்டாதேங்கோ," என்றார் அவர்.

கடைசி ஆணி வந்தபோது பலகையும் சேர்ந்து பொடியாகக் கொட்டியது. தலைக்கு மேலே வீடு முனகியது.

"விலகுங்கோ அண்ணை!"

விலகினால் வயர் இழுபட்டு அறும். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அவர் வீட்டைத் தாங்கும் இரும்பு ஜக்கை வைத்துச் சுற்றும் சத்தம் கேட்டது. முனகல் நின்றது. பிறகு உள்ளேயிருந்து, "சத்தம் இருக்கு!"

புது மரம் போட்டு முடியும்வரை வயரை ஒரு விளக்குமாற்றுக் கட்டையில் கட்டித் தூக்கி வைத்திருந்தோம். வேலை முடிந்தது. தொலைபேசி மணி அடிக்கவில்லை. சுவரைப் பற்றிய பயம் போக, தங்கையைப் பற்றியது முழுதாக மிஞ்சியது.

ஒரு காலை, நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது மணி அடித்தது. இரைச்சலுக்குள் பாதிரியாரின் குரல்.

"தங்கச்சி முகாமில இருக்கிறா, சுகமா இருக்கிறா. உங்கட நம்பரை நான் துலைச்சுப்போட்டன். அவதான் மனப்பாடமாச் சொன்னவ."

அன்று 2009 ஜூன் 11, வியாழக்கிழமை.