மொய்து ராவுத்தரின் ‘வேண்டாம்’

மொய்து ராவுத்தர் எதையும் முதல் முறை கேட்டதும் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. சாயா வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார். மூன்றாம் முறை கேட்டால் வாங்கிக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று பாத்திரத்தைப் பார்ப்பார். கேட்டவர் முதல் முறையோடு நிறுத்திக்கொண்டாலோ, வாடிய முகத்தோடு கொச்சியில் கொச்சங்காடி வீட்டுக்குத் திரும்பி, மனுசங்களுக்கு மரியாதை விட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றுவார்.

மகன் பரீத்துக்கு இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அவன் ஏலூரில் உரத் தொழிற்சாலையில் கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தான். அழுத்தமானி நாற்பது என்று காட்டினால் குழாய்க்குள் நாற்பது இருக்க வேண்டும். இல்லையென்றால் மானியைக் கழற்றி மேசைமேல் போட்டு, ஏன் பொய் சொல்கிறது என்று பார்ப்பான். அத்தாவைக் கழற்றிப் பார்க்க வழியில்லை.

இந்த வியாதி புஷெரில் தொற்றியது. ராவுத்தர் வாலிபத்தில் பாலக்காட்டிலிருந்து கிளம்பி, உரு என்ற பாய்மரக் கப்பல் ஏறி, பாரசீகக் கடற்கரையில் இருக்கும் அந்தத் துறைமுகத்துக்குப் போனார். பேரீச்சம்பழ மண்டி ஒன்றில் பல வருஷம் இருந்தார். திரும்பி வந்தபோது பெட்டியில் கொஞ்சம் பிஸ்தாவும் வாயில் நிறையப் பாரசீகமும் கொண்டுவந்தார். பிஸ்தா ஒரு வாரத்தில் தீர்ந்தது. பாரசீகத்துக்காக மட்டாஞ்சேரியில் ஏலக்காயும் சுக்கும் ஏற்றுமதி செய்த வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று அவரைத் துபாஷியாக வைத்துக்கொண்டது. இரானிலிருந்து வியாபாரிகள் வந்தால், அவர்களுக்கும் மானேஜர் ஹார்டிங் துரைக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் பேச வேண்டும். அதுதான் உத்தியோகம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஹாஜி ரெஸாயி என்ற வியாபாரி ஏலம் வாங்க வந்தார். வெயிலில் வந்தவரிடம் துரை, தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். ஹாஜி மார்பில் கை வைத்து, வேண்டாம் என்றார். துரை தன் கோப்பையை மட்டும் நிரப்பிக்கொண்டு சரக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஹாஜி நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தார். ராவுத்தர்தான் பாரசீகத்தில் இன்னும் இரண்டு முறை கேட்டு, அவர் கையில் ஒரு கோப்பையைக் கொண்டுசேர்த்தார்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. ஹாஜி விரலில் கிடந்த நீலக்கல் மோதிரத்தைத் துரை நன்றாக இருக்கிறது என்றார். ஹாஜி உடனே அதைக் கழற்றி, இது உங்களுக்குத்தான் என்று நீட்டினார். அவர்கள் ஊரில் எதிரில் இருப்பவர் ஒன்றைப் புகழ்ந்தால் அதை நீட்டத்தான் வேண்டும். புகழ்ந்தவர் ஐயையோ என்று திருப்பி விரலிலேயே போட்டுவிட வேண்டும். துரை தேங்க் யூ என்று சொல்லித் தன் விரலில் போட்டுக்கொண்டார். அது ஹாஜியின் வாப்பா போட்டிருந்த மோதிரம்.

ஹாஜி ஏலம் வாங்க மறுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. லாட்ஜில் படுத்துவிட்டார். ராவுத்தர் துரையின் அறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். பாரசீகத்து வெயிலைப் பற்றிப் பேசுவார், அங்குள்ள மாதுளையைப் பற்றிப் பேசுவார், மோதிரத்துக்குப் பக்கத்தில் வரும்போது மறுபடி வெயிலுக்கே திரும்பிவிடுவார். கடைசியில் துரையே பொறுமை இழந்து, ராவுத்தர், என்ன வேண்டும், ஒரே வரியில் சொல் என்றார். மோதிரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார் ராவுத்தர். துரை விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதே கழற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

வீட்டில் இதைக் கேட்டதும் பரீத் தலையில் அடித்துக்கொண்டான்.

"இந்த ஒரு வரிய முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல அத்தா?"

"அப்படிச் சொன்னா அது பேச்சாடா? தந்தி."

பிறகு வழக்கமான பாடம் தொடங்கியது. பாரசீகம் பாலைவனத்துப் பேச்சு என்பார் ராவுத்தர். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் மணல். வந்தவன் தின்பது வீட்டுக்காரன் பிள்ளைக்கு வைத்த ரொட்டி. கேட்டவுடனே சரி என்றால் அது கொள்ளை. வேண்டாம் என்று சொன்னால் வீட்டுக்காரனுக்கு உள்ளே எட்டிப்பார்க்க நேரம் கிடைக்கும். ரொட்டி இருந்தால் மூன்றாம் முறை கேட்பான், இல்லையென்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்வான். இரண்டு பேர் மானமும் தப்பும். அங்கே ஒருவனை வாழ்த்தும்போதுகூட, உங்கள் நிழல் குறையாமல் இருக்கட்டும் என்றுதான் வாழ்த்துவார்கள். நிழலுக்கு அலைந்தவனுக்குத்தான் அப்படி ஒரு வாழ்த்து தோன்றும். இங்கிலீஷ்காரனோ கப்பல்காரன். காற்றில் கத்த வேண்டும். கயிற்றை இழு என்றால் இழு, விடு என்றால் விடு. அவன் மூன்று முறை கேட்டுக்கொண்டு நின்றால் கப்பல் முழுகிவிடும்.

"சரி, அது பாலைவனம், அது கப்பல்" என்றான் பரீத். "இது கொச்சங்காடி. இங்க பலாப்பழம் விழுந்து கேட்பாரில்லாம அழுகுது. நீங்க எதுக்கு வேண்டாம் வேண்டாங்குறீங்க?"

"நான் அங்க தின்ன ரொட்டி இன்னும் செரிக்கலடா" என்றார் ராவுத்தர்.

மெஹருன்னிசா இந்த வழக்குக்கே வருவதில்லை. கணவரிடம் எதையும் கேட்பதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். கேட்காமலே சோறு போடுவாள், கேட்காமலே கறி ஊற்றுவாள். "நிக்காஹ்ல சம்மதமான்னு மூணு தடவ கேக்கணும்னு வெச்சிருக்காங்க பாரு, அதனாலதான் எனக்கு இந்த மனுசன் கெடச்சாரு" என்பாள். "ஒரே தடவ கேட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."

அறுபத்து நாலாம் வருஷம் ராவுத்தர் சாப்பாட்டைப் பாதியில் வைக்க ஆரம்பித்தார். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நடந்தார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை. பரீத் விடவில்லை. கொச்சிக் கோட்டைப் பக்கம் சிறிய தனியார் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் வெங்கிடேஸ்வரனிடம் அழைத்துப் போனான். டாக்டர் பாலக்காட்டுக்காரர், தமிழர், சீமையில் படித்தவர். நோயாளியிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். ராவுத்தரும் தன் பங்குக்கு இங்கிலீஷில் பதில் சொன்னார். வலி இருக்கிறதா? உங்கள் தயவில் நலம். படம் எடுத்துப் பார்த்ததில் இரைப்பையில் ஆழமான புண். அறுக்க வேண்டும், விட்டால் ஓட்டை விழும், சனிக்கிழமை வந்து படுத்துக்கொள்ளட்டும் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை பரீத்துக்குக் காலை ஷிப்ட். அத்தா முன்னால் போவது, வேலை முடிந்து அவன் நேராக அங்கே வருவது என்று ஏற்பாடு. அவன் வந்தபோது ராவுத்தர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துணிப்பை மடியில் இருந்தது. முகம் சாம்பல் நிறம்.

"படுக்கை எங்க அத்தா?"

"டாக்டர் இப்ப வந்து கேப்பாரு."

"என்ன கேப்பாரு?"

"படுத்துக்கிறியான்னு. காலைல ஒரு தடவ கேட்டாரு. ஒரே படுக்கைதான் இருக்காம். பக்கத்துல ஒரு ஆளு, அதுவும் வயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு. அவருக்குக் கொடுங்க, எனக்கு அவசரமில்லன்னேன்." ராவுத்தர் கதவைப் பார்த்தார். "அப்புறம் கேக்கவே இல்லையே."

காலையிலிருந்து அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தார். பரீத் டாக்டரின் அறைக்குள் நுழைந்தான். அத்தா ‘வேண்டாம்’ என்றால் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம் இல்லை என்றும், அவரிடம் மூன்று முறை கேட்க வேண்டும் என்றும் சொன்னான். சொல்லும்போதே அது எவ்வளவு கிறுக்குத்தனம் என்று அவனுக்குத் தெரிந்தது.

"இது எந்த மெடிகல் புஸ்தகத்துல இருக்குப்பா?" என்றார் டாக்டர், இப்போது தமிழில். "தெளிவாக் கேட்டேன். வேண்டாம்னார். இன்னொருத்தரைச் சேர்த்தாச்சு. அவரை இனி எழுப்ப முடியாது. திங்கட்கிழமை ஒரு படுக்கை காலியாகும், உங்கப்பாவுக்குத்தான். அதுவரைக்கும் பாலும் கஞ்சியும் கொடு."

"முதல்லயே தமிழ்ல கேட்டிருக்கலாம் சார். ரெண்டு பேரும் பாலக்காடு."

டாக்டர் அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டார்.

டாக்ஸியில் பரீத் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான். இரண்டு தமிழர்கள், கொச்சியில், ஒருவர் பாரசீகத்தில் மறுத்து, ஒருவர் இங்கிலீஷில் ஒப்புக்கொண்டு, ஒரு படுக்கை போய்விட்டது என்று கத்தினான். ராவுத்தர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, வலிக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றார். வலிக்கிறதா என்றான். கொஞ்சம் என்றார்.

"அத்தா, வலிக்குதா?"

"உசிரு போகுதுடா."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓட்டை விழுந்தது. வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. டாக்டர் வெங்கிடேஸ்வரன் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து ஓடிவந்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. படுக்கை இல்லாத ஆஸ்பத்திரியில் தன் ஓய்வறையில் கட்டில் போடச் சொன்னார். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அறுத்துத் தைத்தார். உள்ளே நிறையச் சிதறியிருந்தது, காலை வரை பார்ப்போம் என்றார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் படக் கூடாது என்று பரீத்திடம் இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் ராவுத்தர் கண் விழித்தார். உதடு வெடித்திருந்தது. மகனைப் பார்த்தார்.

"தண்ணி கொடுடா."

சுற்று இல்லை, வளைவு இல்லை. உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் என்று ஒரு வார்த்தை முன்னால் வரவில்லை. தனக்கு வேண்டியதை அந்த மனிதர் நேராகக் கேட்டு பரீத் அதற்குமுன் பார்த்ததில்லை.

"கூடாது அத்தா" என்றான்.

ராவுத்தர் தலையை அசைத்தார். சரி என்பதுபோலத்தான் இருந்தது.

பரீத் பக்கத்திலேயே நின்றான். இன்னொரு முறை கேட்டால் டாக்டர் சொன்னதை விளக்கிச் சொல்லலாம் என்று நினைத்தான். மூன்றாம் முறை கேட்டால் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துவிடுவது என்று முடிவு செய்தான், டாக்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். பஞ்சைக்கூட எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். ஊரையே மூன்று முறை கேட்க வைத்த மனிதர். அவருக்கே தெரியாதா?

அத்தா மறுபடி கேட்கவில்லை. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.