சறோ அக்கா உலர்த்திய ஐந்து நாள் சாப்பாடு

சறோ அக்கா காலமான செய்தியை அவருடைய மகள் டெனிஸ் மொழியில் இரண்டு வரியாக அனுப்பியிருந்தாள். உணவுப் பரிசோதனை ஆய்வுகூடத்தில் வேலையாக நின்றேன். வாசித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

டென்மார்க்கின் சில்க்போர்க்கில் அவரை அறிந்த உங்களுக்கு அவர் முதியோர் இல்லத்துப் பணியாளர், கேலியாக ‘துவக்குக்காரி’. ஒவ்வொரு செப்டெம்பரிலும் கூட வேலை செய்த டெனிஸ்காரர் இருவருடன் நோர்வே மலைகளுக்குக் காட்டுக்கோழி வேட்டைக்குப் போவார். ஐந்து நாள், கடையில்லை, வீதியில்லை, எல்லாவற்றையும் முதுகில் சுமக்க வேண்டும். “அவையின்ர பைக்கற் சாப்பாடு கடதாசி மாதிரி. நான் சோறில்லாமல் மலை ஏறமாட்டன்” என்பார். அதனால் வீட்டில் சமைத்ததையே உலர்த்தும் பெட்டியில் காயவைத்துக் கொண்டுபோனார்.

முதல் வருடம் ஆட்டுக்கறியைத் தேங்காய்ப்பாலோடு காயவைத்துவிட்டார். மூன்றாம் நாள் மூவருக்கும் வயிற்றோட்டம். வேட்டையை விட்டுத் திரும்பினார்கள். மிச்சப் பொட்டலத்தை என்னிடம் கொண்டுவந்தார்.

“நீ சாப்பாடு சோதிக்கிறனியெல்லோ. மணந்து பார்.”

கெட்ட எண்ணெயின் மணம். இறைச்சி உள்ளே ஈரமாகவே இருந்தது.

“கொழுப்பு காயாது அக்கா. கொழுப்பில்லாத இறைச்சி எடுங்கோ, பாலும் எண்ணெயும் வேண்டாம்.”

“பால் விடாட்டி அது கறியோ பிள்ளை? ஆஸ்பத்திரிச் சாப்பாடு.”

ஆனாலும் அப்படியே செய்தார். சோற்றையும் பருப்பையும் மெல்லியதாகப் பரப்பி, கையில் நொறுங்கும்வரை காயவைத்தார். தேங்காய்ப்பால் மாவை மட்டும் தனிச் சிறு பையில் எடுத்துக்கொண்டார், மலையில் கலப்பதற்கு. “உன்ர படிப்பும் கிடக்கட்டும், என்ர நாக்கும் கிடக்கட்டும்” என்றார். அந்த வழி எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

சில காலமாக அவருக்கு இருந்த புற்றுநோய் இந்த வருடம் ஓகஸ்டில் ஈரலுக்கும் பரவியிருந்தது. அவரோ ஐந்து நாள் சாப்பாட்டையும் காயவைத்து முடித்துவிட்டு என்னை வீட்டுக்கு அழைத்தார். மருத்துவர் வேண்டாமென்றிருந்ததால் மகள் வேட்டைக்குப் போகவிட மறுத்தாள்.

“நீ சொன்னால் இவள் கேப்பாள். சுமக்க அவை இருக்கினம். நான் மலை உச்சியில இருந்து பாத்தாலே காணும், வேற ஒண்டும் வேண்டாம். ஒரு சொல்லுச் சொல்லு.”

பக்கத்தில் இருந்த மகள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று டெனிஸில் கேட்டாள். மருத்துவர் சொல்வதைக் கேட்பதுதான் சரி என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “ஓம், நீ படிச்சனி” என்றார். குரலில் கோபமில்லை.

பொட்டலங்களை வேட்டைத் தோழர்களிடம் கொடுத்தனுப்பினார். ஒவ்வொன்றிலும் டெனிஸில் எழுதியிருந்தாராம்: கொதிநீர் விடு, மூடு, இருபது நிமிடம் பொறு, அவசரப்படாதே. அவர்கள் திரும்பிவந்த மூன்றாம் வாரம் அவர் இறந்தார். மலையில் ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் முழுவதும் பொறுத்திருந்துதான் சாப்பிட்டோம் என்று அவர்களில் ஒருவர் இறுதிச்சடங்கில் என்னிடம் சொன்னார்.

போயிருந்தால் வழியிலேயே விழுந்திருக்கலாம். விழாமல் உச்சியில் உட்கார்ந்தும் இருக்கலாம்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. நான் சொன்ன அந்தப் பதில்தான் இருக்கிறது. அது சரியான பதில். அவர் கேட்டது ஆலோசனை அல்ல, தன் பக்கத்துக்கு ஒரு சொல் என்பது, அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.