சாக்கு தைத்த செல்லம்மாள்

போன வெள்ளிக்கிழமை காலை அரியலூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது குன்னத்திலிருந்து, செல்லம்மாளிடம் சாக்கு தைக்கும் மாரியாயி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார். காலையில எந்திரிக்கவே இல்ல" என்றார். வந்த குன்னம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். செல்லம்மாளை உங்களில் பலர் சாக்குக் கொட்டகையின் முதலாளியாகத்தான் அறிவீர்கள். நான் முதலில் பார்த்தபோது அவர் கூலிக்குப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

அது எழுபதுகளின் கடைசி. எங்கள் சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கிய புதிது. நான் அங்கே ஸ்டோர்ஸ் கிளார்க். அப்போதெல்லாம் சிமெண்ட் சணல் சாக்கில்தான் போகும். கிழிந்த சாக்குகள் ஸ்டோர்ஸுக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும். ஒருநாள் ஆறு பெண்களோடு கேட்டில் வந்து நின்றார் செல்லம்மாள்.

"இந்தச் சாக்க நாங்க தெச்சுக் குடுக்குறோம் சார்."

"சிமெண்ட் ஒழுகுச்சுன்னா என் வேலை போயிடும்மா" என்றார் மேனேஜர்.

செல்லம்மாள் பத்துச் சாக்குகளை மட்டும் கேட்டு வாங்கிப் போனார். மூன்றாம் நாள் தைத்துக்கொண்டு வந்து, "ரொப்பி, லாரி மேலேருந்து தூக்கிப் போடச் சொல்லுங்க" என்றார். ஒன்பது சாக்குகள் தாங்கின. பத்தாவது தையலோடு பிரிந்தது. கூட வந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். செல்லம்மாள் பிரிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நான் தெச்சதுதாங்க. நூல மிச்சம் புடிச்சேன். இனிமே புடிக்க மாட்டேன்" என்றார். அந்தச் சொல்லுக்காகவே வேலையைக் கொடுத்தார் மேனேஜர்.

சில ஆண்டுகளில் செல்லம்மாள் போட்ட கொட்டகையில் இருபது பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள். பிறகு பிளாஸ்டிக் பை வந்தது. இனிச் சணல் சாக்கு வேண்டாம் என்று செல்லம்மாளிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மேனேஜர் அவருக்கு மட்டும் கேண்டீனில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். அதையும் சேர்த்தே சொன்னேன்.

"எனக்கு மட்டுமா? மத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கு இல்லம்மா" என்றேன்.

"அப்ப வேணாம் சார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பைத்தியக்காரத்தனம் பண்ணாதீங்க செல்லம்மா. மாசச் சம்பளம்!" என்று கத்தினேன். "கோவிச்சுக்காதீங்க. எத்தன மாசம் இருக்கு, அதச் சொல்லுங்க" என்றார். மூன்று மாதம் இருந்தது.

அந்த வாரமே சின்ன வெங்காய லோடு ஏற்றிய லாரியில் திருச்சி மார்க்கெட்டுக்குப் போனார். நெருக்கமாக நெய்த சாக்கில் காற்றுப் புகாமல் அடி வெங்காயம் அழுகுவதை அங்கே பார்த்தார். திரும்பி வந்ததும் இழைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு நெய்த சணல் துணியை வரவழைத்து வெங்காயச் சாக்கு தைத்தார். குன்னம் வியாபாரிகள் முதலில் சிரித்தார்கள். அந்த அறுவடை முடிவதற்குள் வீடு தேடி வந்தார்கள். அடுத்து பெரம்பலூர்ப் பக்கம் பஞ்சு மில்லுக்குப் பொதிச்சாக்கு. கொட்டகையில் ஒருவருக்கும் வேலை போகவில்லை.

ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். "நான் சொன்னது தப்புதாம்மா" என்றேன். "தப்பில்ல சார். ஒரே ஆலைய நம்பி இத்தன வூடு இருந்தோம் பாருங்க, அதான் தப்பு. இப்ப வெங்காயம் படுத்தா பருத்தி இருக்கு, பருத்தி படுத்தா வெங்காயம் இருக்கு" என்றார். பொருளாதாரம் படித்த எங்கள் அதிகாரிகள் யாரும் இதை எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பின்னாளில் நான் ஆலையின் கொள்முதல் பிரிவுக்கு மாறினேன். எது வேண்டுமென்றாலும் சென்னைக்கோ பம்பாய்க்கோ ஆர்டர் எழுதுவதுதான் அங்கே வழக்கம். நான் எழுதுவதற்கு முன் பேனாவை மூடிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டார ஊர்களில் ஒரு நடை போய்ப் பார்ப்பேன். பிரஷ் கட்டுகிறவர், மோட்டார் காயில் சுற்றுகிறவர், மரப்பெட்டி அடிக்கிறவர் என்று எத்தனையோ பேர் கிடைத்தார்கள். வெங்காய லாரியில் ஏறி மார்க்கெட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வந்தாரே செல்லம்மாள், அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு நடையைத்தான்.