வழக்கறிஞர் வரலாறு ஒப்பித்த காலை

பயம் வந்தால் எனக்கு முதலில் வாயில் இரும்பு ருசிதான் வரும். பத்து வயதில், தாராவிச் சந்து ஒன்றில் அதை அறிந்தேன். ஐம்பதை நெருங்கும் இப்போது, செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இருந்துகொண்டும், இந்த வாரம் முழுக்க அது நாக்கை விட்டுப் போகவில்லை.

அந்த வருடம் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு டீச்சர் எனக்கு ஒன்றரைப் பக்க ஆங்கில உரை எழுதிக் கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்து, நாடாளுமன்றம் போய், வெளியுறவு அமைச்சராகவும் ஆன ஒருவரின் வரலாறு. விவசாயி மகன், சிறுவயதில் வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் பெஞ்சை விட்டு எழுந்து பேச முடியாதவர், அவரே பிறகு உச்ச நீதிமன்றத்தில் மணிக்கணக்காக வாதாடினார் என்று போகும். பாதி புரியாமலே மனப்பாடம் செய்து இரண்டாம் பரிசு வாங்கினேன். தோல் பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்த வாப்பா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னை ஒப்பிக்க வைத்தார். சந்தில் எனக்கு 'வக்கீலம்மா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஆண்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், சாக்கடையோர வரிசையை இடிக்கக் கடப்பாரைகளோடு ஆட்களும் ஓர் அதிகாரியும் வந்தார்கள். எங்கள் வீடும் பக்கத்துச் சுடலி அக்கா வீடும் அந்த வரிசையில்தான். குடியிருப்புக்கான 'போட்டோ பாஸ்' காட்டினால் தொடமாட்டார்கள். உம்மா எங்களுடையதைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். சுடலி அக்காவின் புருஷனோ அதைச் சட்டைப் பையிலேயே வைத்துத் திரிகிறவர். அன்றும் அதோடு கோவண்டிக்கு வேலைக்குப் போயிருந்தார்.

"ஏட்டி வக்கீலம்மா, முன்னால போடி! அந்த ஆபீசரு கையில இருக்கது இங்கிலீசு பேப்பரு, நம்ம இந்திக்கெல்லாம் மசிய மாட்டாரு. நீ நாலு வார்த்த போடு, ஓடிருவாவ" என்று சுடலி அக்காதான் என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். நான் பேசுவேன் என்று நம்பித் தானும் வாயை மூடிக்கொண்டாள்.

அதிகாரி குனிந்து, "போலோ பேட்டி", பேசு மகளே, என்றார். கடப்பாரைகள் நின்றன. காய்க்காரரிடம் நாள்தோறும் சண்டைபோடும் இந்தியில், "கொஞ்சம் பொறுங்க, காகிதம் வருது" என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஆங்கிலம் என்றால் எனக்கு அந்த ஒன்றரைப் பக்கம்தான். விவசாயி வீடு, பனிக்காலம், பள்ளிக்கூடம் என்று கத்தி ஒப்பித்தேன். அதிகாரி திகைத்தார், பிறகு எல்லோருமாகச் சிரித்தார்கள். அந்தச் சிறுவன் பெஞ்சை விட்டு எழ முடியாத இடம் வந்தபோது எனக்கு அடுத்த வரி வரவில்லை. "ஷாபாஷ்" என்று கன்னத்தில் தட்டிவிட்டு, இடிக்கச் சொல்லி அதிகாரி கையை அசைத்தார்.

அதற்குள் உம்மா பாஸோடு ஓடிவந்துவிட்டாள். எங்கள் வீடு நின்றது. சுடலி அக்கா கதறக் கதற அவள் சுவர் விழுந்தது. சிதறிய பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டே, என்னைத் திட்டாமல், "நல்லாத்தான் பேசுன புள்ள. ஒங்க வீடு நிக்குதுல்லா" என்றாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

கல்லூரியில் அந்த வழக்கறிஞரின் முழு வரலாற்றையும் தேடிப் படித்தேன். டீச்சர் விட்டிருந்த பகுதி அதில் இருந்தது. தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்து எசமானர்களிடமே ஒப்படைக்கும் சட்டத்துக்கு, நாடு உடையாமல் இருக்க வேண்டுமென்று, அவர் தன் பேச்சுத் திறமையையெல்லாம் கொடுத்தார். அவரைக் கொண்டாடியவர்களே முகம் திருப்பிக்கொண்டார்களாம். எழுந்து நிற்க முடியாத சிறுவனைவிட அந்தப் பெரிய மனிதரை நினைத்துத்தான் நான் அதிகம் பயந்தேன்.

சந்து இன்று இல்லை. அங்கே உயர்ந்த கட்டடம் ஒன்றின் கார்கள் நிற்கின்றன. சுடலி அக்கா எங்கே போனாள் என்று சொல்ல ஆளில்லை. என் மகள் இப்போது ஒரு வழக்கறிஞரிடம் ஜூனியர். திங்கட்கிழமை முதன்முதலாக அவளே எழுந்து பேசப்போகிறாள், ஒரு பில்டருக்காக. குடிசை வரிசை ஒன்றைக் காலி செய்யும் வழக்கு.

"இடிக்கிறவங்க பக்கமாடீ?" என்றேன்.

"மம்மி, டென்ஷன் மத் லோ, கவலைப்படாத. பேப்பர் இருக்கிறவங்களை யாரு தொடப் போறாங்க?"

இன்று காலை கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கடைசிவரை கேட்டேன். ஓர் இடத்திலும் அவள் குரல் நடுங்கவில்லை.