வேண்டாம்காரர் பூட்டிய சர்வர்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு வேண்டாம்காரர் என்று பட்டப்பெயர். கூடத்துப் பதிவுகள் எல்லாம் சேரும் புது சர்வரில் இயங்குதளம் போடும்போது திரை ஒவ்வொன்றாகக் கேட்கும். ஜன்னல், ஐகான், படம்? வேண்டாம். பிரிண்டருக்கு ஏற்பாடு? வேண்டாம். கடைசியில் கறுப்புத் திரையும் மினுக்குகிற ஒரு சின்னக் கோடும்தான் மிஞ்சும். அதைப் பார்த்தால்தான் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கும். வீட்டிலும் அதே பாட்டுதான். மகள் பூனை கேட்டாள், வேண்டாம் என்றார்.

இந்தத் தடவை ஒரு படி மேலே போய், வீட்டிலிருந்தே எல்லாம் செய்துகொள்ளலாம் என்று சர்வரின் திரையைக் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுத்தார். கீபோர்டு மகளின் விளையாட்டுச் சாமானாகிவிட்டது.

மறுநாள் காலை அவளுக்குப் பள்ளியில் நாடகம். அவள் மரம். வசனம் கிடையாது, அசையாமல் நிற்க வேண்டும். போன வருஷம் வேலை வேலை என்று போகாமல் விட்டவர், இந்த வருஷம் முதல் வரிசையில் உட்காருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

கிளம்புமுன், இணையம் வழியாக வெளியாட்கள் நுழையாதபடி சர்வருக்கு ஒரு தடுப்புச்சுவர் போட்டுவிடலாம் என்று வீட்டிலேயே உட்கார்ந்தார். யாரை உள்ளே விடலாம் என்று முதலில் எழுதிவிட்டுத்தான் சுவரை எழுப்ப வேண்டும். அவசரத்தில் சுவரை முதலில் எழுப்பிவிட்டார். கூடத்து ஆட்களோடு அவரும் வெளியே.

உடனே வரவேற்பாளர் போன் செய்தார். "சார், எதுவுமே திறக்கலை. டெஸ்டுக்கு வந்தவங்க எல்லாரும் வெறும் வயித்தோட உட்கார்ந்திருக்காங்க."

"வாசல்ல நின்னுகிட்டே உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ஆள் நீங்கதாங்க" என்றாள் மனைவி.

இனி சர்வர் முன்னால் போய்த் தட்டினால்தான் திறக்கும்; கூடத்தில் மற்றதெல்லாம் லேப்டாப், தனிக் கீபோர்டு கிடையாது. ஆகவே இலை ஒட்டிய பச்சைச் சட்டையோடு மகள் ஸ்கூட்டரில் ஏறினாள், மடியில் கீபோர்டு.

கூடத்தில் திரைக்குப் பதிலாக, காத்திருப்பவர்கள் பார்க்கும் டிவிதான் கிடைத்தது. கேபிளைச் செருகினார். கறுப்புத் திரை வந்தது.

"இது என்ன சேனல்?" என்றார் ஒரு பெரியவர்.

ரகசியச் சொல்லைத் தட்டினார். அது திரையில் தெரியாது.

"ஒண்ணும் விழலையே தம்பி, கீபோர்டு ரிப்பேரா?"

மணியைப் பார்க்கவே பயமாக இருந்தது. யாரை உள்ளே விடலாம் என்று இரண்டு வரி எழுதினார். எல்லாம் திறந்துவிட்டது என்று வரவேற்பாளர் தலையாட்டினார்.

"அப்பா, இது இங்கேயே இருக்கட்டும். நீங்க மறுபடியும் பூட்டிப்பீங்க."

வேண்டாம் என்று வாய் வரை வந்தது. "சரிம்மா" என்று கீபோர்டைச் சர்வர் மேல் வைத்தார்.

பள்ளி மேடைத் திரை விலகியபோது அவர் முதல் வரிசையில் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தார். அசையவே கூடாத மரம், அவரைப் பார்த்ததும் ஒரு கிளையைத் தூக்கி ஆட்டியது.