தலைகீழாகத் தொங்கியும் கண் மூடாத என் மனுசி

மெல்பேர்ணில் நீங்கள் ஹீட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க, நாங்கள் ஜெர்மனியில் ஒரு தீம் பார்க்கில் வெயில் காய்கிறோம்.

இன்று மகள் எவரெஸ்டைவிட ஒரு முழம் உயரமான ரோலர் கோஸ்டரில் ஏற நின்றாள். பெரியவர் ஒருவர் கூட வந்தால்தான் விடுவார்களாம்.

"அப்பா, ப்ளீஸ்!"

"அப்பாவுக்கு முழங்கால் நோகுதம்மா."

மகளுக்கு அழுகை முட்டியது. மெல்பேர்ணில் கிளென் வேவர்லி ஷொப்பிங் சென்டர் எஸ்கலேட்டருக்கே கண்ணை மூடுகிற என் மனுசி சொன்னாள்: "நான் வாறன்."

எங்கள் மூன்று பாஸ்போர்ட்டும் இருக்கிற கைப்பை, பிளேன் ஏறிய நாளிலிருந்து அவள் தலையணை. அது கீழே கதிரையில் இருந்த என் மடியில் விழுந்தது.

"கதிரையை விட்டு எழும்பினீங்களோ, தெரியும்!"

இறங்கியதும், ஓடும்போது கமெரா எடுத்த படத்தைக் காட்டினார்கள். அத்தனை பேரும் கண்ணை இறுக்கி மூடிக் கதறுகிறார்கள். மகள் கையைத் தூக்கிச் சிரிக்கிறாள். என் வீராங்கனை மட்டும் தலைகீழாகத் தொங்கியபடி, கண்ணை அகல விரித்துக் கீழே பார்க்கிறாள்.

"பயமா இருந்ததோ?"

"பயப்பிட எங்க நேரம்? நீங்கள் பையோட இருக்கிறீங்களோ எண்டு பார்த்தனான்."

படத்தை வாங்கிவிட்டேன். வீட்டு ஹோலில் ஆளுயரத்துக்கு மாட்டப்போகிறேன்.

இதைவிடத் துணிச்சலான மனுசி உங்கள் வீட்டில் இருந்தால், படத்தோடு கொமெண்டுக்கு வாருங்கோ.